கண்ணில் விழுந்த அட்சதை

இதில் வருகிற ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். கற்பூரத்தை ஏற்றி அடித்து அணைக்கச் சொன்னாலும் சரி, ஈரத்துணியோடு எந்தச் சன்னிதியில் நிற்கச் சொன்னாலும் சரி, இதைச் சொல்கிறவன் தயார். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், இனி அவன் போகிற கல்யாணத்தில் எல்லாம் அவனுக்கு முன்னால் இருப்பவரோடு பந்தி நிறைந்துவிடட்டும். இதைவிடக் கொடிய சாபம் அவனுக்குத் தெரியாது.

கெட்டிமேளம் என்று ஒருவன் இருந்தான். அது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, ஒன்பது நாளைக்கு முன்பு ஊர் வைத்தது. அதற்கு முன்பு அவன் கல்யாணங்களில் தவில் வாசித்துக்கொண்டிருந்தான். தாலி ஏறும் நேரத்தில் புரோகிதர் விரலை உயர்த்தி ஆட்டுவார். அந்த விரலைப் பார்த்ததும் தவிலை வெளுத்து வாங்க வேண்டும். அந்த நேரத்தில் யாராவது தும்மினாலும், அழுதாலும், வேண்டாத வார்த்தை பேசினாலும் மணமக்கள் காதில் விழக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கடைசியாக வாசித்த கல்யாணத்தில் அவன் ஏழு நிமிஷம் முந்திக்கொண்டான். தாலி தட்டில் தேங்காய்மேல் கிடக்கிறது, சபை முழுவதும் மஞ்சளரிசியை வீசித் தீர்த்துவிட்டது. மறுபடி அட்சதை கலந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

அன்றைக்கே பதினொன்றேகாலுக்கு மாப்பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டார். மாரடைப்பு. நேரங்கெட்ட நேரத்தில் மேளம் கொட்டியதுதான் காரணம் என்று பாதிப் பேரும், பெண் கழுத்தை நீட்டிய ராசி என்று மீதிப் பேரும் தீர்ப்பு எழுதினார்கள். நாதஸ்வரக்காரர் இவன் தோளிலிருந்து தவிலைக் கழற்றிக்கொண்டு, வாரை மட்டும் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

வேலை தேடி அலைந்தவனைத் துப்பறிவதற்குச் சேர்த்துக்கொண்டவர் கமா. நாற்பது வருஷம் அச்சாபீஸில் பிழை திருத்திக் குனிந்து குனிந்து, முதுகு அந்தக் குறியின் வடிவத்துக்கே வந்துவிட்ட மனிதர். "இருக்கிறதை எவன் வேணும்னாலும் படிப்பான். இல்லாததைப் படிக்கிறவன்தான் புரூஃப் ரீடர்" என்பார். அச்சாபீஸ் மூடியபின் மனிதர்களைப் படிக்க ஆரம்பித்தார்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அவருடைய அறையில் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெதுவெதுப்பில் கெட்டிமேளம் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, நாற்காலியின் கையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்த காலை வேளையில் அந்தப் பெண் வந்தாள். அதே மணப்பெண். கூடவே அவளுடைய அண்ணன்.

"நீயா?" என்றாள் அவள்.

"நான் அடிச்சதால ஒண்ணும் ஆகலைம்மா. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே..."

"கெட்டி, வாயை மூடு" என்றார் கமா. "உட்காரும்மா. என்ன விஷயம்?"

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். பேச்சு அளவாக இருந்தது. "நாளைக்குப் பத்தாம் நாள் சார். காலையில எட்டு மணிக்கு வளையலை உடைப்பாங்க, பொட்டை அழிப்பாங்க, தாலியை அறுப்பாங்க. அப்புறம் பின்கட்டுல ஒரு ரூம் ஒதுக்கியிருக்காங்க. மாமியாருக்குக் கால் பிடிச்சுவிட்டுக்கிட்டு, கடைசி வரைக்கும் அங்கேயே இருக்கணுமாம். மகனை முழுங்கினவளுக்கு அதுவே அதிகமாம். அதுக்குள்ள எனக்கு ஒண்ணு தெரியணும்."

"என்ன தெரியணும்?"

"என் கழுத்துல இந்தத் தாலியைக் கட்டினது யாருன்னு."

அண்ணன்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். லிஃப்ட் மெக்கானிக், முப்பத்தொன்பது வயது. தலைமுடி அவனை முந்திக்கொண்டு ரிட்டயர் ஆகிவிட்டது.

"ஒன்பது நாளா இதேதான் சார் புலம்பறா. மனசு ஆறட்டும்னு கூட்டிட்டு வந்தேன். நானூறு பேர் பார்க்க நடந்த கல்யாணம். நீங்களே ரெண்டு வார்த்தை புத்தி சொல்லுங்க."

கமா புத்தி சொல்லவில்லை. "பெண் குடுத்துப் பெண் எடுத்த சம்பந்தமா?"

"ஆமா சார். இவளை அந்த வீட்டுப் பையனுக்கு, அந்த வீட்டுப் பொண்ணை எனக்கு. ஒரே மேடை. இவ கல்யாணம் ஒன்பது பன்னிரண்டுக்கு, எங்க கல்யாணம் பத்துக்கு முன்னாடி."

"அப்ப உங்க சம்சாரம் இவளுக்கு நாத்தனார்."

"அண்ணி, நாத்தனார் ரெண்டும்" என்றான் கெட்டிமேளம். "ஒரே ஆள் கிட்டயே ரெண்டு பக்கமும் இடி வாங்கலாம். வசதி."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கமா எழுந்து அவளுக்குப் பின்னால் போனார். "தலையைக் கொஞ்சம் குனிம்மா." பிடரியில் மஞ்சள் கயிற்றின் மூன்று முடிச்சுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். மனிதர் கயிற்றில்கூடப் பிழை தேடுவார்.

"கெட்டி, மூணு முடிச்சை யார் யார் போடுவாங்க?"

"முதல் முடிச்சு மாப்பிள்ளை. மத்த ரெண்டும் நாத்தனார். பின்னாடி விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்களே."

"முதல் முடிச்சு எப்படி இருக்கும்?"

"கண்றாவியா இருக்கும் சார். நூத்திப் பத்துக் கல்யாணம் வாசிச்சிருக்கேன். ராணுவத்துல துப்பாக்கி பிடிச்சவனுக்குக்கூட அங்க கை நடுங்கும்."

"இங்க மூணும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. மூணும் இடப்பக்கமா சுத்தியிருக்கு. இடக்கைக்காரங்க போட்ட முடிச்சு."

"அவ இடக்கைதான்" என்று அண்ணன் சொல்லிவிட்டு, சொன்னதை விழுங்கப் பார்த்தான். முடியாததால் தொடர்ந்தான். "மாப்பிள்ளைக்குக் காலையில கால் சுளுக்கு சார், வலியில துடிச்சிட்டிருந்தாரு. அதனால மூணையும் நாத்தனாரே போட்டிருப்பா. நடக்கறதுதானே?"

"நடக்கறதுதான்" என்று கமா ஒப்புக்கொண்டார். "இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆல்பம் இருக்கா?"

இருந்தது. மாமியார் வீட்டு அலமாரியிலிருந்து துணிப்பையில் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள். கமா மேசை விளக்கைப் போட்டு, பக்கம் பக்கமாகக் குனிந்தார். மணமேடையில் மாப்பிள்ளை முதுகு வைத்த நாற்காலியில் இருந்தார். பின்னால் பூப்பலகை. கழுத்தில் மூன்று மாலை. தலை சற்றே பின்னால் சாய்ந்து முகம் மேலே பார்த்திருந்தது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்திமானா என்று பெண்வீட்டார் அன்றைக்குப் பூரித்துப் போனார்கள். அம்மி மிதிக்கிறபோது மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் காலைத் தூக்கி வைக்க வேண்டும். சுளுக்கை உத்தேசித்து அதையும் நாத்தனாரே செய்திருந்தாள். ஏழடி நடப்பதற்குப் பதிலாக ஏழு பூவை நகர்த்தி வைத்துக் கணக்கை நேர் செய்திருந்தார் புரோகிதர்.

"இந்தப் பக்கத்துல என்ன இல்லை, சொல்லு பார்ப்போம்."

கெட்டிமேளம் உற்றுப் பார்த்தான். ஹோமப் புகை மேடையையே மூடியிருந்தது. புரோகிதரின் கண்ணில் தாரை தாரையாக நீர். பெண்ணுக்கு மூக்கு நுனி வரை மை கரைந்திருந்தது. பின்னால் நின்ற நாத்தனாரின் கண் பழுத்த மிளகாயாக இருந்தது.

"எல்லாரும் அழறாங்க சார். வீடியோக்காரர் நிழல்கூட அழுவுது. மாப்பிள்ளை மட்டும் மல்லிப்பூ மாதிரி முழிச்சிட்டிருக்காரு."

"இத்தனை புகையில ஒரு சொட்டு இல்லை. கிளம்பு. போட்டோக்காரரைப் பார்க்கணும்."

"என் வேன்லயே போகலாம் சார்" என்றான் அண்ணன். தங்கைக்காக எதுவும் செய்வான் போலிருந்தது.

போட்டோக்காரரின் கடை ஒரு பல் மருத்துவமனைக்கும் பூட்டுக் கடைக்கும் நடுவில் இருந்தது. சுவரில் வண்ணம் மங்கிய நீர்வீழ்ச்சித் திரை. அதன் முன்னால் ஒற்றைக் கால் ஆடும் முக்காலி. ஆசாமி கழுத்தில் இரண்டு கண்ணாடி தொங்கவிட்டு, மூன்றாவதை நெற்றியில் தேடிக்கொண்டிருந்தார்.

"கண்ணைப் பத்திக் கேட்கிறீங்களா? நல்லா இருக்கு இல்ல?" என்று பெருமையாகச் சிரித்தார். "அது அவரோட அன்னிக்குக் கண்ணு இல்லை. முதல் நாள் சாயந்தரம் ரிசப்ஷன்ல எடுத்த கண்ணு. வெட்டி ஒட்டினேன்."

"ஏன், அன்னிக்கு அவருக்குக் கண்ணு இல்லையா?" என்றான் கெட்டிமேளம்.

"தம்பி, கல்யாணப் போட்டோவுல பாதி வேலை அரிசி பொறுக்கறதுதான். மூக்குல அரிசி, உதட்டுல அரிசி, மாமனார் வழுக்கையில அரிசி. ஒவ்வொண்ணா எடுத்தாத்தான் மூஞ்சி மூஞ்சியா இருக்கும். இவருக்கு அரிசி விழுந்த இடம் அப்படி. எடுக்க எடுக்கக் கண்ணே போயிடுச்சு. அதான் வேற கண்ணு வெச்சேன்."

கமாவின் முதுகு அரை அங்குலம் நிமிர்ந்தது. அது பெரிய விஷயம்.

"எடுத்தது எடுத்தபடியே இருக்கிற படம் இருக்கா?"

"எதையும் அழிக்க மாட்டேன் சார். நேரத்தோட கிடக்கும்." கம்ப்யூட்டரில் படம் படமாகத் தள்ளினார்.

ஒன்பது நாலு. மாப்பிள்ளை மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழுதட்டின்மேல் ஓர் ஈ. புரோகிதரின் விரல் அதை ஓட்ட உயர்ந்திருக்கிறது.

கெட்டிமேளம் துள்ளி எழுந்தான். முக்காலி விழுந்தது. "சார்! அந்த விரல் சார்! அந்த விரலைப் பார்த்துத்தான் நான் அடிச்சேன்! ஈ ஓட்டினாரா அந்த ஆளு? ஈ ஓட்டறதுக்கா என் பொழப்பைக் கெடுத்தாரு?"

"உதட்டுல ஈ உட்கார்ந்தா யாரு ஓட்டணும் கெட்டி?"

"யாரு உதடோ அவங்க..." என்று ஆரம்பித்தவன் வாயைத் திறந்தபடியே நிறுத்தினான். அவன் பேச்சை நடுவில் நிறுத்தியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஒன்பது ஐந்து. வானத்தில் அரிசி. தாலி தட்டில் தேங்காய்மேல் பத்திரமாக இருக்கிறது. அடுத்த படம். மாப்பிள்ளையின் இடது கண்ணில், கருவிழியின் நட்டநடுவில், ஒரே ஒரு மஞ்சளரிசி. கண் திறந்திருக்கிறது. அதற்கடுத்த படத்திலும் அங்கேயே. ஒன்பது ஏழிலும் அங்கேயே. ஒன்பது பன்னிரண்டில் வளையல் போட்ட இரண்டு கை பெண்ணின் பிடரியில் முடிச்சுப் போடும்போதும், அந்த ஒற்றை அரிசி, வைத்த இடத்தில் வைத்தபடி.

"உன் கண்ணுல தூசி விழுந்தா என்ன பண்ணுவே?" என்றார் கமா மெதுவாக.

"நாலு தெருவைக் கூட்டுவேன் சார்."

"இவர் ஏழு நிமிஷமா சிமிட்டக்கூட இல்லை."

கண் பரிசோதிக்கும் அந்தப் பெண் திரையின் அருகே வந்தாள். கடையில் யாரோ ஒருவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டும்போது பார்க்கிற மாதிரியே பார்த்தாள். அழவில்லை. "இத்தனை வெளிச்சத்துலயும் கண்ணுப் பாப்பா விரிஞ்சே கிடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

கெட்டிமேளம் திரும்பிப் பார்த்தான். அண்ணன்காரன் வாசல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, பூட்டுக் கடையில் தொங்கிய பூட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். படத்தை அவன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. "தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று கிளம்பியவன் வேனோடு போய்விட்டான். மூவரும் பஸ்ஸில் திரும்பினார்கள்.

மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்கு அந்த வீட்டுக் கூடத்தில் பெண்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மணை. மணைமேல் அவள். உடைப்பதற்கென்றே இரண்டு கையிலும் ஒரு டஜன் ஒரு டஜனாகக் கண்ணாடி வளையல் அடுக்கி, அழிப்பதற்கென்றே நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, எடுப்பதற்கென்றே தலை கொள்ளாமல் பூ வைத்திருந்தார்கள். எதிரே ஒரு தட்டில் வழவழப்பான கருங்கல். மூலையில் புரோகிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் நாத்தனார், பத்து நாள் புதுத்தாலியைப் புடவைக்கு வெளியே எடுத்து விட்டபடி. அவளுக்குப் பின்னால் அண்ணன்.

"கையை நீட்டுடி" என்றாள் மாமியார். "மெதுவா ஒண்ணு ஒண்ணா உடைக்கலாம். சத்தம் கேட்கட்டும். என் பிள்ளை போன சத்தம் யாருக்கும் கேட்கலை, இதாவது கேட்கட்டும்."

"அது கேட்காம இருந்ததுக்கு நான் காரணம் இல்லை அம்மா" என்றபடி கெட்டிமேளம் உள்ளே வந்தான். பின்னால் கமா, கையில் ஒரு காகித உறையோடு.

"யாருய்யா நீங்க? மேளக்காரன் இங்க எதுக்கு வந்தான்?"

"கல்லை எடுத்து ஓரமா வைங்கம்மா" என்றார் கமா. "தாலி ஏறுறப்போ உங்க பிள்ளை உயிரோட இல்லை. பொணம் கட்டின தாலிக்குப் பத்தாம் நாள் கிடையாது."

கூடம் கொந்தளித்தது. மாமியார் மட்டும் அசையவில்லை. "நானூறு பேர் பார்த்திருக்காங்க. பத்தே முக்காலுக்கு வாசல்ல நின்னு, புரோகிதர் மந்திரம் சொல்ல, என் பிள்ளை பொண்டாட்டிக்கு அருந்ததி காட்டினான். என்னங்கடி, பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தோமே!" என்றாள் பெரிய அத்தை. "கையைத் தூக்கிக் காட்டினானே!"

"பட்டு வேட்டி காத்துல ஆடிச்சே!" என்றாள் சின்ன அத்தை. மூன்றாவதாக ஒருத்தி அவன் முகத்தில் இருந்த சிரிப்பையே வர்ணித்தாள்.

"அருந்ததி தெரிஞ்சுதா?" என்றார் கமா.

"தெரியாம? ஜோரா தெரிஞ்சுது."

"பத்தே முக்கால் மணி வெயில்ல."

பெரிய அத்தை ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தாள்.

"கால் சுளுக்கி அம்மிக்குக் குனிய முடியாதவர், வாசல் வரைக்கும் நடந்து போய்ப் பட்டப்பகல்ல நட்சத்திரம் காட்டியிருக்கார். நீங்களும் பார்த்திருக்கீங்க. நான் உங்களைக் குத்தம் சொல்லலை. கல்யாண வீட்டுல தெரியுதான்னு கேட்டா தெரியுதுன்னுதான் சொல்லணும். அது மரியாதை. அதே மரியாதைக்குத்தான் மாப்பிள்ளையையும் பார்த்திருக்கீங்க." உறையிலிருந்து படத்தை எடுத்து மணைமேல் வைத்தார். "இதைப் பாருங்க. மணி ஒன்பது ஆறு. தாலி தேங்காய்மேல இருக்கு. அரிசி கண்ணுமேல இருக்கு."

படம் கை மாறிக் கை மாறிப் போனது. ஒவ்வொரு கையிலும் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. புரோகிதரிடம் வந்தபோது அவர் தம் விரலைத் தாமே பார்த்துக்கொண்டார். "விரதக் களைப்புன்னு நினைச்சேன். எனக்குப் பத்தரைக்கு இன்னொரு மண்டபத்துல முகூர்த்தம், பத்தே முக்காலுக்கு நான் அந்த வாசல்லயே இல்லை. நான் முகத்தைப் பார்க்கலை, கடியாரத்தைப் பார்த்தேன்."

"சரி, பொணம் தானா மேடைக்கு வராது" என்றார் கமா. "மாப்பிள்ளை காலைக் கழுவி, கையைப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டு வர்ற உரிமை யாருக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவர் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை. கெட்டிமேளத்துக்கு நூற்றுப் பத்துக் கல்யாணமாகத் தெரியும்.

"பெண்ணோட அண்ணனுக்கு" என்றாள் மணைமேல் இருந்தவள்.

எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. அன்றைக்கு அவன் மாப்பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தபோது மண்டபமே கைதட்டியது. மச்சான் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று வீடியோக்காரர்கூட அருகே போய் எடுத்தார்.

"நான் ரூமுக்குப் போனப்போ..." என்றான் அவன். "இவளும் மாமியாரும் அவர் கண்ணுக்கு மை தீட்டிட்டிருந்தாங்க. அப்படியே சாய்ஞ்சிட்டாரு. அஞ்சு நிமிஷம் முன்னாடி பேசிட்டிருந்தவரு."

"என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று நாத்தனார் சீறினாள். "கல்யாணம் நின்னிருந்தா என்னுதும் நின்னிருக்கும். எனக்கு முப்பத்தஞ்சு வயசு. பதினாறு பேர் வந்து பார்த்துட்டுப் போனாங்க. அவன் செத்துட்டான், சரி. நான் சாகலையே! முடிச்சுப் போட்ட நேரம் போக, பின்னாடி நின்னு, ஒரு கையில விளக்கு, ஒரு கையால அவன் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். உங்க யாருக்காவது அந்தத் தைரியம் வருமா?"

தைரியம் என்னவோ உண்மைதான் என்று கெட்டிமேளத்துக்குத் தோன்றியது.

அண்ணன் தங்கையின் எதிரே மண்டியிட்டான். "எனக்கு வேற யாரு பொண்ணு குடுப்பாங்க, நீயே சொல்லு. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இங்க இரு. நான் எப்படியாவது உன்னைக் கூட்டிட்டு வந்துடறேன்னுதான்..."

"நேத்து வேன்ல அழைச்சிட்டுப் போய் நடுவுல விட்டுட்டு வந்தியே, அதுவும் கூட்டிட்டு வர்றதுக்கா?"

அவன் அவள் கை வளையல்களை எண்ண ஆரம்பித்தான்.

"எனக்குத் தெரியும் அண்ணே" என்றாள் அவள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "என் கையை அவர் கையில வெச்சாங்க. பச்சைத்தண்ணி மாதிரி இருந்துச்சு. ஹோமத்துக்குப் பொரி போட நீ வந்தே. என் கையில பொரியைப் போடணும், அவர் கை கீழே தாங்கணும். நீ அவர் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போட்டே. நான் நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ 'பேசாதே'ன்னு தலையை ஆட்டினே. நான் பேசலை. நீ எனக்கு அண்ணனாச்சே, ஏதாவது பண்ணுவேன்னு இருந்தேன். முக்கால் மணி கழிச்சு நீ மாலையைப் போட்டுக்கிட்டு அதே மேடையில வந்து உட்கார்ந்தே."

"அப்ப எல்லாம் தெரிஞ்சே எங்ககிட்ட வந்தியா?" என்று கெட்டிமேளத்துக்கு வாய் தவறி வந்துவிட்டது.

"எனக்குத் தெரிஞ்சா போதாதே. இவங்களுக்குத் தெரியும்கிறது எல்லாருக்கும் தெரியணும்." அவள் மூலைப் பக்கம் திரும்பினாள். "சாமி, ஒரு சந்தேகம். கூடப்பிறந்தவன் செத்துக் கிடக்கிற தீட்டுல ஒரு பொண்ணுக்குத் தாலி ஏறினா, அது செல்லுமா?"

மாமியாரின் முகத்தில் அதுவரை இருந்த ரத்தம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "வாயை மூடுடி! உன்னை நாங்க அனுப்பிச்சிடறோம். இப்பவே போ. எதுவும் வேண்டாம், போயிடு!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சாமி."

புரோகிதர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "தெரியாம நடந்திருந்தா பரிகாரம் இருக்கு. தெரிஞ்சே மறைச்சு நடத்தினா... அது கல்யாணம் இல்லை. கூத்து."

அண்ணன் அவள் காலைப் பிடித்துக்கொண்டான். கால்தான் அன்றைக்கு எளிதாகக் கிடைத்தது. அவள் காலை இழுக்கவும் இல்லை, அவனைப் பார்க்கவும் இல்லை. பூவை ஒதுக்கிப் பிடரியைக் காட்டி, நாத்தனார் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள்.

"அண்ணி, இங்க வாங்க. மூணும் உங்க கை முடிச்சு. நீங்களே அவிழுங்க."

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் வந்தாள். இடக்கையை முடிச்சில் வைத்தாள். முதல் முடிச்சு அவிழ்வதற்கு வெகு நேரமாயிற்று. இரண்டாவது அதைவிட. மூன்றாவதற்குப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. கயிறு கழன்று தட்டில், கருங்கல்லின்மேல் விழுந்தது.

அவள் எழுந்தாள். இரண்டு டஜன் வளையலும் ஒன்றுகூட உடையாமல் குலுங்கின.

"அடுத்தது உங்களோடது அண்ணி. அதை என் அண்ணன் அவிழ்க்கட்டும். அதைக் கட்டினவராவது உயிரோட இருந்தாரே."

வாசலைத் தாண்டும்போது பின்னால் ஓர் ஓலம் எழுந்தது. ஆணுடையதா, பெண்ணுடையதா என்று பிரித்தறிய முடியாத ஓலம். கெட்டிமேளத்தின் கை தன்னால் பக்கத்தில் இருந்த காலி மரப்பெட்டியில் விழுந்தது. வேண்டாத சத்தம் ஒரு பெண்ணின் காதில் விழக்கூடாத நேரம் அது. விரல் காட்ட யாரும் இல்லை. அவன் வெளுத்து வாங்கினான். அவள் தெருமுனை திரும்பும் வரைக்கும் நிறுத்தவில்லை.

"இந்தத் தடவை நேரம் சரி" என்றார் கமா.

நடந்தது இவ்வளவுதான். ஒரு விவரம் மட்டும் விட்டுப்போயிற்று. கல்யாணத்தன்று பத்தே முக்காலுக்கு இதைச் சொல்கிறவனும் கூட்டத்தோடு வாசலுக்குப் போயிருந்தான். மாப்பிள்ளை அவன் தோள்மேல் கைபோட்டு, விரல் நீட்டிக் காட்டிய இடத்தில், அருந்ததி பளிச்சென்று தெரிந்தது.